வாங்கியது, கழற்றியது, பூட்டியது

கிரைண்டர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அம்மா அடுக்களை மூலையில் நிற்கிற மாவாட்டும் கிரைண்டரை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "இருக்கது நல்லாத்தான ஓடுது?" காப்பிக்கொட்டை அரைக்கத் தனியாக ஒன்று வேண்டும் என்றேன். "அதுக்கு மிக்ஸி இருக்குல்லா." இதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷமும், இரண்டு மெஷினும், கருகிப்போன ஒரு பிளக் பாயின்ட்டும் தேவைப்பட்டன.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் காப்பி என்றால் காலையில் பித்தளை ஃபில்டரில் இறங்கிய டிகாஷன், கடைத்தெருவில் அரைத்து வாங்கிய தூள், 80க்கு 20 சிக்கரி. சாயங்காலம் ஆச்சி போடுகிற கருப்பட்டிக் கடுங்காப்பி. இரண்டிலும் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தபோது ஆபீஸ் கீழ்த்தளத்துக் கடையில் எஸ்பிரெஸ்ஸோ, அதாவது வெந்நீரை அழுத்தத்தில் தூள் வழியாகத் தள்ளி இறக்குகிற கெட்டிக் காப்பி, குடித்துப் பழகிவிட்டது, வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்த பிறகும் நாக்கு மட்டும் அங்கேயே நின்றுகொண்டது. அவ்வளவுதான் காரணம்.

முதலில் வாங்கியது மோக்கா பாட். இத்தாலியில் 1933இல் பியலெட்டி கொண்டுவந்த எண்கோண அலுமினியப் பாத்திரம், இன்னும் அதே உருவத்தில் விற்கிறார்கள். அடியில் தண்ணீர் சூடாகி, அந்த அழுத்தத்திலேயே தூள் வழியாக மேலே ஏறும். நல்ல கெட்டிக் காப்பி வரும், பால் ஊற்றினால் தாங்கும். ஆனால் அதன் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அளவுதான், எஸ்பிரெஸ்ஸோவுக்கு வேண்டியது 9 பார். சொந்தம்தான், ஆனால் ஒன்றுவிட்ட சொந்தம். ஆயிரம் இரண்டாயிரத்தில் காரியம் முடிய வேண்டும் என்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம், தப்பே இல்லை. நான் நிற்கவில்லை.

அடுத்து ஒரு சின்ன மெஷின். பேர் வேண்டாம். பெட்டியில் பெரிய எழுத்தில் 15 பார் என்று போட்டிருந்தது, அதை நம்பித்தான் வாங்கினேன். அந்த 15 என்பது உள்ளே இருக்கிற வைப்ரேஷன் பம்ப், வழி அடைத்திருக்கும்போது அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அழுத்தம், காப்பிக்கு அது தேவையே இல்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் அதோடு வந்த பாஸ்கெட், அதாவது தூள் போடுகிற கிண்ணம். இரட்டை அடி வைத்து, கீழ் அடியில் ஊசித் துளை ஒன்றே ஒன்று. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளை அழுத்தத்தை உண்டாக்கி நுரையைப் பீய்ச்சிவிடும். கடைத்தூள் போட்டேன், மிக்ஸியில் அடித்தது போட்டேன், கொஞ்சம் விலை கூடிய கூர்க் கொட்டையை அரைத்துப் போட்டேன், எல்லாம் ஒரே ருசி, ஒரே நுரை. பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைத்தால் சோப்பு நுரை மாதிரிக் காணாமல் போகும். மூன்று மாதம் கழித்து அதே அளவில், 51 மில்லிமீட்டரில், அடியெல்லாம் சல்லடைத் துளையாக இருக்கிற சாதாரண பாஸ்கெட் ஒன்றைத் தனியாக வரவழைத்தேன். முதல் நாள் கடையில் வாங்கிய சிக்கரி இல்லாத தூளைப் போட்டேன், 8 வினாடியில் மொத்தமும் கொட்டிவிட்டது, வெளிறிய புளிப்புத் தண்ணி. மறுநாள் பிடிவாதமாக வீட்டுச் சிக்கரித் தூளை அமுக்கி வைத்தேன், பம்ப் முனகிக்கொண்டே இருந்தது, ஒரு சொட்டு வரவில்லை, அப்புறம் ஓரத்தில் பீறிட்டுச் சுவரெல்லாம் காப்பி. ஃபில்டரில் டிகாஷனைக் கெட்டியாகவும் மெதுவாகவும் இறக்குகிற அதே சிக்கரி குணம்தான், இங்கே பிசினாகி வழியை அடைத்துவிடுகிறது. எஸ்பிரெஸ்ஸோவில் சிக்கரி வேண்டாம். ஆசையாக இருந்தால் ஃபில்டரில் குடியுங்கள், அதுதான் அதற்கு இடம்.

அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. 18 கிராம் தூள், 25லிருந்து 30 வினாடிக்குள் 36 கிராம் காப்பி, தண்ணீர் 90 முதல் 96 டிகிரி, அழுத்தம் 9 பார். பொதுவாக எல்லாரும் ஆரம்பிக்கிற அளவு இது, பிறகு அவரவர் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது. இதில் அந்த 25 வினாடியைத் தீர்மானிப்பது மெஷின் கிடையாது. மெஷின் தண்ணீரைத் தள்ளுகிறது, அதை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது என்பது தூளின் கையில். எங்கள் பக்கம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், வரப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், தண்ணி மொத்தமும் அது வழியாகப் போய்விடும், மீதி வயல் காய்ந்து கிடக்கும். பாஸ்கெட்டுக்குள் தூள் சமமாக இல்லையென்றால் நடப்பது அதேதான். ஒரு பக்கம் தண்ணீர் துளைத்துக்கொண்டு ஓடி அங்கே இருக்கிற தூள் மட்டும் கசந்து கரைய, மற்ற இடம் பாதி நனைந்து புளிக்கும். ஒரே வாயில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் நண்டு வளை என்று புரிந்துகொள்ளலாம்.

அம்மாவின் மிக்ஸிக் கேள்விக்கு மாவுச் சல்லடை பதில் சொன்னது. மிக்ஸியில் அரைத்த கொட்டையை அவள் முன்னாடியே சலித்துக் காட்டினேன், மேலே பாதி ரவை, கீழே பாதி மாவு. மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டி வீசுகிறது, எது எத்தனை தடவை வெட்டுப்படும் என்பதற்குக் கணக்கில்லை. பர் கிரைண்டரில் இரண்டு பல் சக்கரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி, அந்த இடைவெளிக்குத் தக்கபடி நொறுங்கினால்தான் கொட்டை வெளியே வரும். அதிலும் முழுக்க ஒரே அளவு வராது என்றாலும் இந்த ரவை, மாவு வித்தியாசம் இருக்காது. அம்மா சல்லடையைப் பார்த்துவிட்டு, "சரி, அதுக்கு எவ்வளவு?" என்றாள். சொன்னேன். அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.

மெஷினுக்கு முன்னால் கிரைண்டருக்குத்தான் பணத்தை ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தது அப்போதுதான், இன்றுவரை அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மின்சாரத்தில் ஓடுவதில் இத்தாலியின் யுரேகா மிக்னான் மாதிரி, படிப்படியாகத் தாவாமல் இடைவெளியை இழுத்த இழுப்புக்கு நகர்த்தக்கூடிய வகைகள் இருக்கின்றன. பட்ஜெட்டில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். நான் கையால் சுற்றுகிற கிரைண்டருக்குப் போனேன். அதே காசில் கைக் கிரைண்டரில் கிடைக்கிற பல் சக்கரம் மோட்டார் கிரைண்டரில் கிடைக்காது, மோட்டாருக்கும் பெட்டிக்கும் கொடுக்கிற காசு இங்கே மிச்சம். அதோடு ஐப்பசியில் மழை ஊற்றிக் கரண்ட் போனாலும் இது ஓடும்.

கைக் கிரைண்டரில் பார்க்க வேண்டியது ஒன்றுதான், இடைவெளியை மாற்றத் திருகும்போது ஒரு கிளிக்குக்கு பல் சக்கரம் எவ்வளவு நகர்கிறது. ஃபில்டர் காப்பிக்கும் டிரிப்புக்கும் செய்த கிரைண்டர்களில் கிளிக் பெரியது. நண்பன் ஒருவனுடையதை இரவல் வாங்கிப் பார்த்தேன், ஒரு கிளிக்கில் 18 வினாடி, அடுத்த கிளிக்கில் 45, நடுவே நிற்க இடமே இல்லை. கிங்ரைண்டர் கே6இல் ஒரு கிளிக் 16 மைக்ரான், ஒன்சிபிரெஸ்ஸோவின் ஜேஎக்ஸ் புரோவில் 12.5. நான் எடுத்தது இரண்டாவது. 48 மில்லிமீட்டர் எஃகுக் கூம்பு, ஒரு சுற்றுக்கு 40 கிளிக். என் கைக்கு ஒரு கிளிக் இறுக்கினால் ஷாட் (ஒரு தடவை இறக்குகிற எஸ்பிரெஸ்ஸோ) சுமார் மூன்று வினாடி நீள்கிறது, அது போதும். 18 கிராம் அரைக்க ஒரு நிமிஷம் ஆகும். நடுத்தரமாக, கொஞ்சம் கருக்க வறுத்த கொட்டை என்றால் லேசாகப் போகும். லைட் ரோஸ்ட் வாங்கினீர்கள் என்றால் கிரைண்டரை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, முற்றின தேங்காயைத் திருகுகிற பலத்தோடு சுற்ற வேண்டும். வீட்டில் தோள்வலிக்காரர்கள் யாராவது இதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் மோட்டாருக்கே போய்விடுங்கள். அரைப்பதற்கு முன்னால் கொட்டையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் தூள் பறந்து ஒட்டுவது நிற்கும். பங்குனி, சித்திரை வறட்சியில் அது வேண்டியிருக்கிறது, கார்த்திகை ஈரத்தில் வேண்டியதில்லை.

கிரைண்டர் வந்த பிறகு அந்தச் சின்ன மெஷினிலேயே ஆறு மாதம் ஓட்டினேன். எனக்கே ஆச்சரியம், பெங்களூர் கடை அளவுக்கு இல்லாவிட்டாலும் அதன் பக்கத்துத் தெரு வரைக்கும் போனது. பிறகு அதன் உள்ளே ஏதோ ஒழுகத் தொடங்கியது. சர்வீஸுக்குப் போன் செய்தால் பெட்டியோடு பார்சல் அனுப்புங்கள் என்றார்கள், அனுப்பினேன், ஒரு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. திறந்து பார்க்கலாம் என்றால் பிளாஸ்டிக் கொக்கிகள், ஒன்றைக் கழற்றினால் ஒன்று உடைகிறது.

ஆகவே அடுத்த மெஷினுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன், நானே ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் ஆலன் கீயையும் வைத்துக் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு வேறு நிபந்தனை வைப்பது வீண். இரட்டை பாய்லர் மெஷினில் ஒரு பக்கம் ஷாட், ஒரு பக்கம் நீராவி என்று ஒரே நேரத்தில் நடக்கும், அருமைதான், விலையும் எடையும் அதற்கேற்ப. ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ஒரே பாய்லருக்குள் காப்பித் தண்ணிக்குத் தனிக் குழாய்) அதற்குக் கொஞ்சம் கீழே. பாய்லர் இல்லாமல் ஓடுகிற தண்ணியையே சூடாக்குகிற தெர்மோபிளாக் வகை சீக்கிரம் சூடாகும், காலையில் அவசரக்காரர்களுக்கு நல்லது, ஆனால் நான் பட்டது போதும். மிச்சம் இருந்தது பழைய பாணி ஒற்றை பாய்லர். 1991இல் வந்த காஜ்ஜியா கிளாசிக், 1997இல் வந்த ரான்சிலியோ சில்வியா மாதிரியானவை, உள்ளே ஒரு பாய்லர், ஒரு பம்ப், சில சுவிட்சுகள், இவ்வளவுதான். கடை மெஷின் அளவான 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (பாஸ்கெட்டை மாட்டுகிற கைப்பிடி) என்பதால் பாஸ்கெட், தூளை அமுக்குகிற டேம்பர் எதுவும் எங்கேயும் கிடைக்கும். ஷாட் முடிந்ததும் மிச்ச அழுத்தத்தை வெளியே விடுகிற மூவழி சோலினாய்டு வால்வு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத மெஷினில் அவசரப்பட்டு போர்ட்டாஃபில்டரைத் திருகினால் முகத்தில் அடிக்கும். ஒரே ஆள் குடிக்கிறீர்கள், பால் வேண்டாம் என்றால் ஃபிளேர் மாதிரிக் கையால் அமுக்குகிற லீவர் போதும், கெட்டிலில் வெந்நீர் போட்டால் தீர்ந்தது. நான் அதைத்தான் வாங்கியிருப்பேன், வீட்டில் மற்ற மூன்று பேரும் பால் காப்பி ஆட்கள்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து அத்தான் வருகிறார், அங்கே விலை குறைவு என்று வாங்கிவரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே ஓட்ட 1500 வாட்டுக்குமேல் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும், அது ஆட்டுரல் கனம் கனக்கும்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் வீட்டு ஒற்றை பாய்லர் மெஷினை பாதி விலைக்குக் கொடுத்தார், ஓடுகிறது, தண்ணி கொஞ்சம் மெதுவாக வருகிறது என்று அவரே சொல்லிவிட்டார். நாகர்கோவில் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, வந்த ஆசையில் அடுக்களையில் இருந்த சின்ன பாயின்ட்டில் செருகிவிட்டேன். 1425 வாட்டை 230ஆல் வகுத்தால் 6.2 ஆம்பியர், அந்த பாயின்ட் 6 ஆம்பியருக்கு உரியது, அதுவும் அப்பா வீடு கட்டியபோது போட்டது. இரண்டாம் நாள் பிளாஸ்டிக் கருகிய வாடை. இப்போது கீசருக்குப் போடுகிற மாதிரி 16 ஆம்பியர் பாயின்ட், தனி ஒயர், நல்ல எர்த். இன்னொன்றும் கவனித்தேன். சித்திரை மாதச் சாயங்காலங்களில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது எங்கள் வீட்டில் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடுகிறது. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் 1425 வாட் மெஷின் அப்போது 870 வாட் மெஷின்தான், சூடாக ஏகப்பட்ட நேரம் எடுக்கும், பம்பும் சோர்ந்துவிடும். அதே கொட்டை, அதே கிளிக், காலையில் 28 வினாடி, சாயங்காலம் வேறென்னவோ. பல நாள் கிரைண்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், மல்டிமீட்டரை வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இனி கழற்றின கதை. அடியில் இருக்கிற, தண்ணியைத் தூள்மேல் பரப்புகிற சல்லடையான ஷவர் ஸ்கிரீனின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினதும் பல வருஷத்துக் காப்பிக் கசடு, வாடை சொல்ல முடியாது. அதற்கு மேலே கேஸ்கெட், ரப்பராக இருக்க வேண்டியது கமர்கட்டாக இறுகித் துண்டு துண்டாக உடைந்து வந்தது. பாய்லர் இரண்டு பாதியாகப் பூட்டிய பெட்டி, நாலு ஆலன் ஸ்க்ரூ, அதில் ஒன்று மட்டும் ஒரு நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்தது, தேங்காய் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு மறுநாள் தட்டித் தட்டித் திருகினேன். திறந்தால் உள்ளே வெள்ளையடித்த மாதிரிச் சுண்ணாம்பு. அந்த மனிதர் போர்த் தண்ணியிலேயே ஓட்டியிருக்கிறார்.

சுண்ணாம்பைக் கரைக்கப் பெரிய மருந்தெல்லாம் வேண்டாம், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், சிட்ரிக் அமிலம்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம். பாய்லர் அலுமினியம் என்றால் ஊறப்போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடக் கூடாது, அமிலம் அலுமினியத்தையும் தின்னும். இருபது நிமிஷம், எடுத்துக் கழுவி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, மறுபடி இருபது நிமிஷம். மூன்று தடவையில் சுத்தம். சோலினாய்டு வால்வைப் பிரித்தபோது உள்ளே அரிசிக் குருணை அளவு சுண்ணாம்புத் துண்டு ஒன்று வழியை மறித்துக்கொண்டிருந்தது, தண்ணி மெதுவாக வந்ததற்கு அதுதான் காரணம்.

பாய்லரின் இரு பாதிக்கும் நடுவே ஒரு ஓ ரிங் உண்டு, பழையதைத் திரும்பப் போட முடியாது. எங்கள் ஊரில் பம்ப்செட் கடைக்குப் போனால் ஓ ரிங்குக்கா பஞ்சம், அளவு சரியாக இருக்கிறதே என்று கறுப்பு ரிங் ஒன்றை ஐந்து ரூபாய்க்கு வாங்கிப் போட்டுவிட்டேன். இரண்டே வாரத்தில் காப்பியில் சைக்கிள் டியூப் வாடை. போர் மோட்டாருக்குப் போடுகிற ரப்பர் பச்சைத் தண்ணிக்குச் சரி, நூறு டிகிரிக்குமேல் கொதிக்கிற பாய்லருக்கும் குடிக்கிற தண்ணிக்கும் அது ஆகாது. மறுபடி பிரித்து, உணவுக்கு உகந்த சிலிக்கான் ரிங்கும் கேஸ்கெட்டும் வரவழைத்துப் போட்டேன். ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அவசரத்தில் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் செய்தேன். பூட்டி முடித்ததும் பாய்லருக்குள் தண்ணி ஏற்றாமல் சுவிட்சைப் போட்டுவிட்டேன். தொட்டியில்தான் தண்ணி இருந்தது, பாய்லர் காலி. நாலைந்து நிமிஷத்தில் விளக்கு அணைந்தது, அதன் பிறகு மெஷின் செத்த மாதிரி. வண்ணார்பேட்டையில் மோட்டார் வைண்டிங், மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காப்பி மெஷின் அவர் வாழ்க்கையில் முதல் தடவை. சுற்றி ஒரு பார்வை பார்த்தார், மல்டிமீட்டரை இரண்டு இடத்தில் வைத்தார், பாய்லரை ஒட்டி ஒரு வெள்ளைக் குழாய்க்குள் இருந்த பொடிசு ஒன்றை நகத்தால் தொட்டுக் காட்டினார். "தம்பி, இது நம்ம ரைஸ் குக்கர்ல வார அதே பியூஸுதான். சூடு கூடிட்டுன்னா தன்னால அத்துக்கிடும்." அவரிடம் அதே டிகிரியில் இல்லை, வேறு போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். சரியான மதிப்பில் வரவழைத்துக் கொடுத்ததும் நான் சால்டரிங் அயர்னை எடுத்து நீட்டினேன், சிரித்துவிட்டார். "ஈயம் வச்சா அந்தச் சூட்டுலயே பியூசு போயிரும்லா, இத அமுக்கித்தான் பூட்டணும்." கிரிம்ப் போட்டுப் பூட்டிக் கொடுத்தார், அறுபது ரூபாய். பாய்லரை நிரப்பி, ஷவரில் தண்ணி வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஹீட்டரைப் போட வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி மெஷினிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அழுத்தத்தை 9க்குக் கொண்டுவந்தது அடுத்த வேலை. 1901இல் மிலானில் பெட்செரா காப்புரிமை வாங்கிய மெஷின் நீராவி அழுத்தத்தில் ஓடியது, அதில் இன்றைக்கு நாம் பார்க்கிற பொன்னிற நுரையான கிரெமா கிடையாது. காஜ்ஜியா, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ஸ்பிரிங் வைத்த லீவரைக் கொண்டுவந்த பிறகுதான் இவ்வளவு அழுத்தமும் கிரெமாவும் வந்தன, 1961இல் ஃபேமாவின் இ61 மெஷின் மின்சாரப் பம்பால் அந்த 9 பாரை நிலையாகக் கொடுத்தது. வீட்டு மெஷின்களில் பம்ப் அதைவிடக் கூடுதலாகத் தள்ளும், மிஞ்சியதைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு ரிலீஃப் வால்வு இருக்கும். என்னுடையதில் போர்ட்டாஃபில்டரில் மாட்டுகிற பிரஷர் கேஜை வைத்துப் பார்த்தால் முள் 13ஐத் தொட்டது. வால்வின் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்தி 10இல் நிறுத்தினேன், கேஜ் மாட்டும்போது வழி முழுக்க அடைபட்டிருப்பதால் காப்பி இறங்கும்போது அது 9க்குப் பக்கத்தில் வந்துவிடும். வேலை பத்து நிமிஷம்தான், ஆனால் மொத்தப் பணியிலும் நாக்குக்கு உடனே தெரிந்த மாற்றம் இதுதான். அதுவரைக்கும் இருந்த ஒரு முரட்டுக் கசப்பு போய்விட்டது, நண்டு வளையும் குறைந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் திருநெல்வேலிக்காரன் எழுதக் கூடாது. வீட்டில் மூன்று தண்ணி உண்டு. போர் தண்ணி டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்பு) மீட்டரில் 900ஐத் தாண்டுகிறது, அது மெஷின் பக்கமே வரக் கூடாது. ஆர்ஓ தண்ணி 20, 25. சுண்ணாம்பு படியாது, ஆனால் காப்பி சப்பென்று இருக்கும், ருசியை இழுத்துக்கொண்டு வர அதில் உப்புச் சத்து போதவில்லை. குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணி மழைக்காலம் முடிந்து 120, கோடையில் கொஞ்சம் ஏறும். காப்பிக்காரர்கள் பொதுவாகச் சொல்கிற இலக்கு 150க்குப் பக்கம், ஆக ஆறே நமக்குப் பதம் பார்த்து அனுப்புகிறது. கலங்கல் போகத் துணியில் வடிகட்டி, குளோரின் வாடை போகக் கார்பன் ஃபில்டரில் விட்டு அதைத்தான் ஊற்றுகிறேன். டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு என்பதால் மீட்டரை மட்டும் நம்பாமல், வண்ணமீன் கடையில் விற்கிற சொட்டு மருந்துச் சோதனையையும் ஒரு தடவை செய்து பார்த்துக்கொண்டேன். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் எலுமிச்சை உப்பு உண்டு.

கொட்டைக்கு நான் போய் நின்றது வீட்டுக்குத் தூள் வாங்குகிற அதே கடைதான். பீபெர்ரி அரைக் கிலோ, கொட்டையாகவே கொடுங்கள் என்றேன். "அரைக்காமயா?" ஆமாம். "சிக்கரி?" வேண்டாம். பழைய வாடிக்கை என்பதால் என்னிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாமல், "வீட்டுல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அன்று காலையில் வறுத்த கொட்டை, பை இன்னும் சூடாக இருந்தது, ஃபில்டருக்கு அதைவிட நல்லது எது என்று மறுநாளே ஷாட் எடுத்தேன், முக்கால் டம்ளர் நுரை, அடியில் கொஞ்சம் காப்பி. வறுத்த கொட்டைக்குள் இருக்கிற கரியமில வாயு அடங்க ஒரு வாரம், பத்து நாள் விட வேண்டும். சிக்மகளூரிலிருந்தும் குடகிலிருந்தும் கூரியரில் வாங்குவதில் அந்த நாளில் பாதி வழியிலேயே கழிந்துவிடுகிறது. வறுத்த தேதி போடாத பாக்கெட்டை வாங்குவதில்லை. கொஞ்சம் ரோபஸ்டா கலந்தது பாலில் நன்றாக நிற்கிறது, ரோபஸ்டா என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும்.

ஒற்றை பாய்லரின் குறை ஆனித் தேரோட்டத்துக்கு உறவுக்காரர்கள் வந்தபோது தெரிந்தது. ஷாட் எடுத்து, நீராவிச் சுவிட்சைப் போட்டு, சூடு ஏறக் காத்திருந்து, பாலை நுரைத்து, திரும்ப பாய்லர் ஆறத் தண்ணி ஓட விட்டு அடுத்த ஷாட். ஒரு காப்பிக்கு ஆறேழு நிமிஷம். ஒன்பது பேர். மூன்றாவது காப்பியிலேயே அம்மா ஃபில்டரை இறக்கிவிட்டாள், மீதி ஆறு பேருக்கும் அவள் கையால்தான். சித்தப்பா என்னுடையதைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தத் துளிக்கா இந்தப் பாடு?" என்றார்.

ஆச்சிக்கு வெறும் ஷாட்டைக் கொடுத்தபோது "கசாயம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். பிறகு உடன்குடிக் கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, அடியில் மண் இருக்கும் என்பதால் வடிகட்டி, அந்தப் பாகு இரண்டு கரண்டிக்கு மேல் ஷாட்டை இறக்கி, அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி நீட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. இப்போது நாலு மணிக்கு, "ஏல, அந்தக் கொழாயத் தெறந்து ஒரு காப்பி தா" என்று கூப்பிடுகிறாள்.

இந்த வாரத்து நிலவரம்: 18 கிராம், 38 கிராம், 29 வினாடி, மழை ஈரம் தொடங்கியதால் போன மாதத்தைவிட ஒரு கிளிக் மாற்றியிருக்கிறேன். சூட்டை நிலையாக வைக்க பிஐடி கன்ட்ரோலர் ஒன்று வாங்கி அலமாரியில் இருக்கிறது, பாய்லர் தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் அதன் சென்சாரைப் பொருத்த வேண்டும், பொங்கல் லீவில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் அம்மா மெஷினை வேறு இடத்துக்கு நகர்த்தச் சொல்கிறாள், 16 ஆம்பியர் பாயின்ட் போட்ட அந்த இடம் முன்னால் இட்லிப் பானை இருந்த இடமாம்.